நிப்பாட்டக் கூடாத லொறி

அந்த லொறியை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவு சொல்ல வேண்டியவள் சபூறா. ஓட்டுகிறவன் அவளுடைய புருசன் மசூர்தான். ஆனால் வாங்கியது அவளுடைய நகையில். அதுவும் என்ன நகை? மகள் நஸ்லினின் வீட்டுக்கு ஓடு போடவென்று மருதமுனையில் வருசக்கணக்காகத் தறியடித்துச் சேர்த்த நகை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டி வைக்காமல் மாப்பிள்ளை கேட்டுப் போக முடியாத ஊர் அது. நஸ்லினுக்கு றுமைஸ் என்றொரு பொடியனைப் பேசி முடித்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழியக் கலியாணம். வீட்டுச் சுவரோ கதவு நிலைக்கு மேலே எழும்பி, கூரையில்லாமல் வெயில் காய்ந்துகொண்டு நின்றது.

மசூர் மீராசா முதலாளியிடம் பத்துப் பன்னிரண்டு வருசம் லொறி ஓடியவன். முதலாளி ஜப்பான் லொறியொன்றை எடுத்ததும், வாசலில் நின்ற பழைய மூக்கு லொறி அவருக்குப் பாரமாகிவிட்டது. "நீ எடன் மசூர், உனக்கெண்டா அடிமாட்டு விலைக்குத் தாறன்" என்றார். அவ்வளவுதான், இவனுக்குத் தலைகால் தெரியவில்லை.

"லீசிங் இல்ல, வட்டி இல்ல, ஒருத்தனுக்கும் பதில் சொல்லத் தேவல்ல. ஓடுற ஓட்டமெல்லாம் நமக்குத்தான் புள்ள. ஒரு போகம் பொறு. ஓடென்ன, உன்ட கைக்குக் காப்பும் போட்டுக் காட்டுறன்."

சபூறாவும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்! லொறி வந்து மூன்றாம் நாளே அதன் வியாதி தெரிந்துவிட்டது. ஓடத் தொடங்கினால் ஓடும், சிங்கம்தான். நிப்பாட்டினால் போச்சு. செல்ஃப் ஸ்டார்ட்டர் பிடிக்காது. தள்ளித்தான் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மேட்டில் நிறுத்தி உருட்டி எழுப்ப வேண்டும். அந்தக் கரையில் மேட்டுக்கு எங்கே போவது? கடலிலிருந்து வயல்வெளி வரைக்கும் பாய் விரித்ததுபோல ஒரே தட்டை. மசூர் என்ன செய்தான் தெரியுமா? நஸ்லினின் வீட்டு அத்திவாரத்துக்குள் நிரப்பவென்று கொட்டி வைத்திருந்த கிறவலை அள்ளி, வளவுக்குள் ஒரு மேடு கட்டினான், லொறி படுக்க! மகளுக்கு நிலம் போட வைத்திருந்த மண்ணின் மேல் லொறி ஏறி நிற்பதைப் பார்த்த அன்று சபூறா உலை வைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் கடைப் பாணைத் தின்று படுத்தார்கள்.

வளவுக்குள் மேடு இருக்கிறது. வெளியில்? வெளியில் அவன் என்ஜினை நிப்பாட்டுவதே இல்லை. மூட்டை ஏற்றும்போதும் ஓடும், தேத்தண்ணி குடிக்கும்போதும் ஓடும். அவன் பள்ளிக்குள் தொழுதுகொண்டிருப்பான், லொறி வாசலில் நின்று டீசல் குடித்துக்கொண்டிருக்கும். அப்படியும் நின்றுபோனால் காரைதீவு மெக்கானிக் குணம்தான் கதி. அந்த லொறியின் சாமான் ஒரு கடையிலும் கிடையாத காலம். தகட்டை வெட்டி, கம்பியை முறுக்கி எதையாவது செய்து எழுப்பிவிடுவான். கூலி கேட்டால் "பாத்துத் தாங்க காக்கா" என்பான். மசூரும் பார்த்துத்தான் கொடுப்பான். பார்த்துப் பார்த்துக் குறைவாகக் கொடுப்பான்.

இவ்வளவு இருந்தும் லொறி நட்டம் என்று அடித்துச் சொல்லச் சபூறாவால் முடியவில்லை. ஒரு கிழமை கை நிறையக் கொண்டுவருவான். அடுத்த கிழமை டயருக்கென்று அதையே வாங்கிக்கொண்டு போவான். இந்த இழுபறிக்குள்தான் மீராசா முதலாளி ஆளனுப்பினார். செங்கல் சூளைக்கு விறகு ஏற்ற ஒரு லொறி வேண்டுமாம், கொடுத்த விலையில் கொஞ்சம் கழித்துத் திருப்பி எடுப்பாராம். நாளை மறுநாள் அசர்த் தொழுகைக்குள் சொல்ல வேண்டுமாம். அந்தக் காசு வந்தால் வீட்டுக்கு மட்டாக ஓடு போட்டுவிடலாம். மசூர் ஒரேயடியாக மறுத்தான்.

"அறுவடை தொடங்கின நேரத்தில விக்கிறவன் மடையன். இந்தப் போகம் ஓடினா இத மாதிரி ரெண்டு மடங்கு."

"நானும் ஒரு நாள் வாறன்" என்றாள் சபூறா. "கண்ணால பாத்துட்டுச் சொல்றன். மறுகா விக்கிறதோ வெச்சிரிக்கிறதோ, என்ட வாயில வாறதுதான்."

"லொறியில நீயா?"

"ஏன், லொறி என்ட நகையிலதானே ஓடுது?"

அடுத்த நாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன் சீற்றில் ஏறிக் குந்தினாள். சம்மாந்துறைப் பக்கத்து வயலில் நெல் ஏற்றிக் கல்முனை மில்லில் இறக்குவது அன்றைய ஓட்டம். போகும்போது எல்லாம் சோக்காக இருந்தது. சண்டைக் காலம், ரோட்டு நெடுகலும் மறித்துச் சோதிக்கும் ஆமிச் சென்றிகள். எந்த வாகனமானாலும் சென்றியில் என்ஜினை நிப்பாட்ட வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் காலையில் நின்ற ஆமிக்காரர்களுக்கு மசூரையும் தெரியும், லொறியின் சங்கதியும் தெரியும். சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார்கள். "பாத்தியா, நம்மளுக்கு மட்டும் சலுகை" என்று மசூர் நெஞ்சை நிமிர்த்தினான்.

வயலில் மூட்டை கட்டி முடியவில்லை. வெயில் ஏறி, இறங்கி, பின்னேரமாகும் வரைக்கும் லொறி வரம்போரத்தில் நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. புகை போகும் ஒவ்வொரு நேரமும் வீட்டு ஓடு ஒன்று பறப்பதாகச் சபூறாவுக்குப் பட்டது. ஆனாலும் மூட்டைகள் ஏறி முடிந்து, நெல்லுக்காரர் கூலியை மசூரின் கையில் வைத்தபோது அவளுக்கும் மனம் கொஞ்சம் இளகியது. மோசமில்லைதான். இப்படி அறுவடை முடியும் வரை ஓடினால் அவன் சொல்வது நடந்தாலும் நடக்கும். வைத்திருக்கச் சொல்வோமா என்றுகூட யோசித்தாள்.

ஆமிக் காம்ப் வாசலில் இருந்த வயல்வெளி ரோட்டுச் சென்றிக்கு வந்தபோது ஆறு மணிக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும். ஆறுக்கு மேல் அந்த ரோட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் சிரித்த ஒரு முகத்தையும் காணோம். ஆட்கள் மாறியிருந்தார்கள். எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பொடியன்கள். புதிதாக வந்தவர்கள் என்பது அவர்கள் துவக்கைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

ஒருவன் சிங்களத்தில் கத்தினான். மசூர் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்திலேயே கெஞ்சினான். அவன் கிட்ட வந்து துவக்குப் பிடியால் லொறியின் மூக்கில் ஓங்கி அடித்தான்.

"நிப்பாட்டட்டாம்" என்றான் மசூர். ஸ்டேரிங்குக்குக் கீழே இருந்த கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தான். காலையிலிருந்து காதுக்குள் கிடந்த சத்தம் பட்டென்று நின்றது.

கம்பியால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். நெல்லைத் தவிர வேறென்ன இருக்கப் போகிறது? "போ" என்றார்கள். மசூர் பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருகினான். ஒரு 'டிக்'. இன்னொரு தடவை திருகினான். அதே 'டிக்'.

அந்தக் காலத்தில் காம்ப் வாசலில் ஒரு லொறி அசையாமல் நின்றால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான்: குண்டு லொறி. அந்தப் பொடியன்களுக்கும் அந்த நினைப்புத்தான் வந்தது. காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நாலைந்து துவக்குகள் லொறியைப் பார்த்தன. மசூரை இறக்கி, கையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் குந்தச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயது மனிசன், நாளைக்கு மாமனாராகப் போகிறவன், சின்னப் பிள்ளைபோலக் குந்தினான்.

பொறுப்பாக நின்ற அதிகாரி கொஞ்சம் நிதானமான ஆள். ஆனால் அவன் முகத்திலும் வேர்வை. மசூர் அவனோடு குந்தியபடியே கதைத்தான். பிறகு சபூறாவைப் பார்த்துச் சொன்னான்:

"புள்ள, ஆறு மணிக்குள்ள இத இதில இருந்து எடுக்கட்டாம். என்ன விடமாட்டானுகளாம். நீ போய்க் குணத்தக் கூட்டிக்கிட்டு வா. ஓடாத. ஓடினாச் சந்தேகப்படுவானுகள். நடந்து போ."

முதுகுக்குப் பின்னால் துவக்கு இருக்கும்போது நடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வளைவு திரும்பும் வரை நடந்தாள். திரும்பியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். யா அல்லாஹ், என்ட மனிசனக் காப்பாத்து, லொறியும் வேணாம் ஓடும் வேணாம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

குணம் கிணற்றடியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றான். விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் பெண்சாதி சுஜித்தா குசினிக்குள் இருந்து ஓடிவந்துவிட்டாள்.

"இந்த நேரத்தில ஆமிக்காரண்ட வாசலுக்கா? என்ன ராத்தா கதைக்கிறீங்க? எங்கட தமிழ்ப் பொடியன்மார் பகல்லயே அந்தப் பக்கம் போறல்ல."

"அவர நடு ரோட்டில குந்த வெச்சிரிக்கானுகள் புள்ள" என்றாள் சபூறா. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

குணம் பெண்சாதியைப் பார்த்தான், சபூறாவைப் பார்த்தான். "மசூர் காக்காவ அப்பிடி விட ஏலுமா?" என்றான். சட்டை மாற்ற உள்ளே போகத் திரும்பியவனைச் சபூறாதான் மறித்தாள்.

"உடுப்பு மாத்த நேரமில்ல தம்பி, ஆறு மணியாகப் போகுது, இப்பிடியே வாங்க!"

கொடியில் கிடந்த ஒயில் சட்டையை மாட்டிக்கொண்டு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பின் கரியரில் சபூறா ஏறினாள். அந்நிய ஆம்பிளையின் சைக்கிளில் மருதமுனைப் பொம்பிளை! ஊர் கண்டால் ஒரு மாதத்துக்கு வேறு கதை கதைக்காது. கதைக்கட்டும்.

மசூர் அதே இடத்தில் அப்படியே குந்தியிருந்தான். குணம் கையை உயர்த்திக்கொண்டு போய், லொறிக்குக் கீழே படுத்து, செல்ஃபைக் கழற்றினான். அவன் தலைமாட்டில் ஒருவன் துவக்கோடு நின்றான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தகட்டை வெட்டி உள்ளே செருகிப் பூட்டிவிட்டு, "இப்ப திருகுங்க காக்கா" என்றான். மசூரை எழும்ப விட்டார்கள். திறப்பைத் திருகியதும் லொறி ஒரு குலுங்குக் குலுங்கி உறுமியது. அல்ஹம்துலில்லாஹ்! சபூறாவுக்கு அந்தக் கரும்புகையை அள்ளி முகத்தில் பூசிக்கொள்ளலாம்போல இருந்தது.

"தகடு ஒரு பிடிதான் பிடிக்கும்" என்று குணம் யன்னலடியில் வந்து சொன்னான். "வீட்ட போற வரைக்கும் நிப்பாட்டிப் போடாதீங்க. நிண்டா மறுகா நான்தான் கழட்டிப் பூட்டணும்."

அவன் சைக்கிளை எடுக்கப் போனபோதுதான் அந்த அதிகாரி அடையாள அட்டைக்குக் கையை நீட்டினான். "ஐசி?"

குணம் சட்டைப் பையைத் தடவினான். மற்றப் பையையும் தடவினான். ஐசி வீட்டில், மாற்ற வேண்டாம் என்று சபூறா மறித்த நல்ல சட்டையின் பையில். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. அதுதான் அவளைக் கொன்றது.

பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள். இரண்டு பேர் அவனை முழங்கையில் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். மசூர் எவ்வளவோ சொன்னான். அதிகாரி காதில் வாங்கவில்லை. விசாரித்துவிட்டு விடுவார்களாம், காலையில் வரட்டாம். துவக்கை ஆட்டி, லொறியை எடு, எடு என்று ஒருவன் கத்தினான்.

மசூர் கியரைப் போட்டான். "நாளைக்கு வெள்ளென ஊர் விதானையாரையும் கூட்டிக்கிட்டு வருவம் புள்ள. இப்ப ஒண்டும் கதைக்க ஏலா" என்றான். லொறி மெல்ல உருண்டது.

நாளைக்கு! இப்படி உள்ளே கொண்டுபோனவர்களுக்காக எத்தனை வீட்டில் எத்தனை பேர் நாளைக்கு நாளைக்கு என்று இருக்கிறார்கள் என்று சபூறாவுக்குத் தெரியாதா? பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அந்த நாளை இன்னும் வரவில்லை. சுஜித்தாவின் படலையைத் தாண்டித்தான் இந்த லொறி போக வேண்டும். அவள் ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். லொறிக்குள் இரண்டு பேர் இருப்பார்கள்.

சபூறா குனிந்து கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தாள்.

என்ஜின் செத்தது. லொறி சென்றிக்கு நேர் எதிரே, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

"அடி, என்ன வேல செஞ்ச!" என்றான் மசூர். துவக்கோடு இருவர் ஓடி வந்தார்கள்.

"இத எழுப்புற ஆள் உள்ளுக்கு இரிக்கார் எண்டு சொல்லுங்க" என்றாள். "வேற ஒருத்தராலயும் ஏலா எண்டு சொல்லுங்க."

அதிகாரி வந்தான். கோபத்தில் அவன் முகம் சிவந்திருந்தது. "நீதானே நிறுத்தினாய்?" என்று மசூரிடம் சிங்களத்தில் கேட்டான். மசூர் ஒரு நொடி பெண்சாதியைப் பார்த்தான்.

"லொறி பழசு மாத்தயா" என்றான். "தானா நிண்டு போச்சி."

யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த லொறியின் மூஞ்சியைப் பார்த்தால் ஓடினால்தான் அதிசயம். அதிகாரி மசூரையே திருகச் சொன்னான். டிக். இன்னொருவனை ஏற்றித் திருகச் சொன்னான். டிக். தள்ளிப் பார்த்தார்கள். ஒரு லொறி நெல், அசையுமா? தூரத்துப் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ரோட்டைப் பூட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தான், லொறியைப் பார்த்தான், இருட்டிக்கொண்டு வரும் வயலைப் பார்த்தான். சபூறா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இனி என்ன செய்தாலும் செய்யட்டும்.

கடைசியில் அவன் உள்ளே திரும்பி ஏதோ சொன்னான். குணத்தைக் கொண்டுவந்தார்கள். திரும்பவும் கீழே படுத்து, கழற்றிப் பூட்டினான். இந்த முறை இரண்டு தடவை ஸ்பானர் நழுவி விழுந்தது. லொறி உறுமியதும் அதிகாரி மசூரின் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டான். நாளைக்குக் குணத்தின் ஐசியைக் கொண்டுவந்து காட்டி இதை எடுத்துப் போகட்டாம். சைக்கிளை மூட்டைகளின் மேல் எறிந்துவிட்டு மூன்று பேரும் முன்னுக்கு ஏறினார்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் மசூருக்கு வாய் வந்துவிட்டது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"பாத்தியா புள்ள, லொறிதான் காப்பாத்திச்சி! புது லொறியெண்டா நம்புவானுகளா? இத விக்கப் பாத்தியே!"

குணம் தொடைக்குள் இரண்டு கையையும் செருகிக்கொண்டு இருந்தான். அப்படியும் அவன் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டில் பள்ளமில்லாத இடத்திலும் ஆடியது.

சுஜித்தா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குணத்தைக் கண்டதும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தாள். மசூர் அன்றைய கூலியில் ஒரு பிடியை எடுத்து நீட்டினான். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"காசு வேணாம் ராத்தா" என்று சபூறாவிடம் சொன்னாள். அவள் குரலில் கோபமில்லை. "இனிமேலைக்கு இந்த லொறிக்கெண்டு இவரத் தேடி வராதீங்க. நான் அனுப்பமாட்டன்."

"வரமாட்டம் புள்ள" என்றாள் சபூறா.

கல்முனை மில்லில் நெல்லை இறக்கினார்கள். மருதமுனை எல்லை வந்ததும், "மீராசா முதலாளிட வீட்ட விடுங்க" என்றாள்.

"ஏன் புள்ள? நாளைக்கு அசர் வரைக்கும் நேரமிரிக்கே. இண்டைக்கு ஓட்டம் லாபம்தானே? நீயே கண்ணால பாத்தாய்."

"ஓம், லாபம்தான். குணத்துக்கு என்ன குடுத்தீங்க?"

"அவள்தானே வேணாண்டாள்."

"அந்த வேணாண்டதுதான் நம்மட லாபம்" என்றாள் சபூறா. "இவ்வளவு நாளும் அதிலதான் இது ஓடியிரிக்கி. இனி ஓடா. விடுங்க அங்க."

மசூர் விட்டான். மீராசா முதலாளி லொறிச் சத்தத்துக்கு வெளியே வந்தார். பொழுதுபட்ட பிறகு, பெண்சாதியோடு, ஓடுகிற என்ஜினோடு வந்து நிற்கிறவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வியாபாரி அல்லவா! நேற்றுச் சொன்ன விலை நேற்றைக்கு என்றார். செல்ஃபுக்கு, டயருக்கு என்று இழுத்து இழுத்துக் கழித்தார். மசூர் பல்லைக் கடித்துக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தான்.

"எடுத்துக்குங்க முதலாளி" என்றாள் அவள்.

இருவரும் ஒழுங்கையால் நடந்து போனார்கள்.

"இந்தக் காசுக்கு அறைக்கு மட்டும்தான் ஓடு வரும்" என்றான் மசூர். "மண்டபத்துக்குக் காணாது. மாப்பிள வீட்டார் என்ன சொல்லுவாங்களோ?"

"தென்னங்கிடுகு போடுவம்."

"மாரியில ஒழுகுமே புள்ள."

"ஒழுகினா ஏனம் வெப்பம்" என்று சொல்லிவிட்டு, சபூறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தாள்.